அணைந்த ஸ்விட்சு

ஆகாய விமானம் என்றதும், மேலே பறக்கையில் நேரும் அபாயங்களே நம் நினைவுக்கு வருகின்றன. எனக்கோ, தரையில் பரம சாதுவாக நின்றுகொண்டிருக்கும் சிறு விமானத்திடந்தான் பயம் அதிகம்.

அமெரிக்காவில் 1947 வரை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட 'பைப்பர் கப்' விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார ஸ்டார்ட்டர் கிடையாது. இன்றும் அவற்றில் பல பறக்கின்றன. ஒருவர் விசிறியைக் கையால் வேகமாக இழுத்துச் சுழற்றியே யந்திரத்தைக் கிளப்ப வேண்டும். பழைய மோட்டார் வண்டிகளைக் கைப்பிடி போட்டுச் சுற்றியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது உதைத்தால் மணிக்கட்டோடு போயிற்று. இது உயிரையே வாங்கிவிடும். ஆகையால் பழகியவர்கள் விரல்களை மடக்கிப் பற்றாமல் உள்ளங்கையால் இழுத்து, இழுத்த வேகத்திலேயே விலகிக்கொள்கிறார்கள். அங்கவஸ்திரப் பிரியர்கள் அருகே போகாதிருப்பது உத்தமம்!

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வாலைக் கயிற்றால் கட்டி, விஷயம் தெரிந்த ஒருவரை உள்ளே உட்கார்த்திவைப்பது முறை. 1997 நவம்பரில் ஒஹையோ மாகாணத்து அர்பானாவில், கையால் கிளப்பப்பட்ட 'ஏரோன்கா' விமானம் ஒன்று, ஆளில்லாமலே ஓடி ஆகாயத்தில் ஏறிவிட்டது. பெட்ரோல் தீரும்வரை பறந்து, பிறகு ஒரு வயலில் விழுந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், அது வீடுகளின்மேல் விழுந்திருந்தால்?

இதைவிட என்னைக் கலங்கவைப்பது ஸ்விட்சு விஷயம். கம்பி அறுந்தால் விளக்கு அணையும் என்றுதான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழ்! இந்த யந்திரத்துக்குத் தீப்பொறி தருவது பாட்டரி அன்று. 'மாக்னெட்டோ' என்னும் காந்தக் கருவி. விசிறி சுழன்றால் அது தானே மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஸ்விட்சை அணைத்தால், அம்மின்சாரம் ஒரு கம்பி வழியாக யந்திரத்தின் உடலுக்குள்ளேயே போய்விடுகிறது, பொறி எழுவதில்லை. அந்தக் கம்பி அறுந்துபோனாலோ, ஸ்விட்சு அணைந்தே காணப்படும். மாக்னெட்டோ மாத்திரம் உயிரோடிருக்கும். சிலிண்டரில் சிறிது பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும்போது யாரேனும் விசிறியை விளையாட்டாக அசைத்தால் போதும், யந்திரம் சீறி எழுந்துவிடலாம். அதனால்தான் விமானிகள் யந்திரத்தை நிறுத்தும்போது, ஸ்விட்சை மட்டும் நம்பாமல், பெட்ரோலையும் அடைத்துவிடுகிறார்கள்.

விமானக் கண்காட்சிகளில் குழந்தைகளை அந்த விசிறியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படமெடுக்கும் பெற்றோர் உண்டு. "ஸ்விட்சு அணைந்துதானே இருக்கிறது, ஸார்?" என்று அவர்கள் தைரியம் சொன்னால் என் மனம் ஆறுவதில்லை.