முள் சொல்லும் பொய்

தஞ்சாவூர் நண்பர் தன் அப்பா காலத்து அம்பாசடரில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, வேறொரு வண்டியின் டீசல் இன்ஜினை கியர்பாக்ஸோடு ஏற்றியிருந்தார். 'லிட்டருக்குப் பத்துதாங்க குடுக்குது' என்று ஒரே புலம்பல்.

கும்பகோணம் ரோட்டில் அதில் போனேன். முள் 40-ல் நிற்கிறது. மரங்கள் ஓடுகிற ஓட்டமோ வேறு. சம்பா அறுவடை நேரம் வேறு. பாதி ரோட்டில் நெல் காய்கிறது, பெண்கள் குனிந்து கிளறிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே முள் பொய் சொன்னால் விளையாட்டா?

கிலோமீட்டர் கல்லை எண்ணினோம். பத்து கல் தாண்டியும் மீட்டரில் எட்டுதான் ஓடியிருந்தது. பி.காம். கணக்கே போதும்: முள் 40 என்றால் நிஜம் 50. லிட்டருக்குப் பத்து என்பதும் பன்னிரண்டரை. பாவம், இன்ஜினைத் திட்டியிருக்கிறார்!

உங்களிடம் இப்படி வண்டி இருந்தால், யாராவது முள்ளைப் பிடுங்கி நகர்த்திக் குத்துகிறேன் என்றால் விடாதீர்கள். கிலோமீட்டர் ஓட்டம் அப்படியேதான் தப்பாக இருக்கும். கிலோமீட்டர் சரியாக ஓடி முள் மட்டும் தப்பினால்தான் கோளாறு மீட்டருக்குள். அங்கே சுழலும் காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய ஸ்பிரிங் பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் ஒரே அளவில் தப்பினால் கியர்பாக்ஸ் பக்கம் போங்கள். கேபிளைச் சுற்றும் குட்டி பினியனில் 20 பல் இருந்தால், எங்கள் கணக்குக்கு 16 பல் வேண்டும். 2014-ல் உற்பத்தி நின்ற வண்டி. பழைய சாமான் கடையில்தான் தேடணும். மாட்டியதும் டயரில் காற்றைச் சரிபார்த்து, அதே கற்களை இன்னொரு தடவை எண்ணிவிடுங்கள்.