சக்கரத்தின் மேல் ஒரு குடை

ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா நான். வாகனின் எல்லை அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கைத் தனி அனுமதியின்றி அனுப்பலாகாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நீண்டிருப்பது சிறிதளவே ஆயினும் அடுத்த பாதையில் வருவோனுக்கு அது ஆபத்தன்றோ? இந்த நியாயம் சாலைக்கும் பொருந்தும் என்பதை என் மைத்துனனின் வண்டி எனக்கு உணர்த்திற்று.

ஜபல்பூரில் எங்களோடு வசிக்கும் அவன், பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றை வாங்கினான். 1985ஆம் ஆண்டில் வெளிவந்து, காட்டுப் பாதைக்கும் மலைப் பாதைக்கும் பெயர்பெற்ற வண்டி அது. முன்பு வைத்திருந்தவர் அதில் அகன்ற டயர்களைப் பூட்டியிருந்தார். அவை மட்கார்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை நீண்டிருந்தன. பார்வைக்குக் கம்பீரந்தான். ஆனால் மூடப்படாத டயர், சேற்றையும் சரளைக் கல்லையும் வாரி வீசுமே! சென்ற ஆடி மழையில், தெருவோரமாகப் பள்ளிக்கு நடந்த சிறுமி ஒருத்தியின் வெள்ளைச் சட்டை முழுவதும் சேறாயிற்று. அழுதுகொண்டு வீடு திரும்பிய குழந்தை அன்று பள்ளிக்கே செல்லவில்லை. சேறு கல்லாக இருந்திருந்தால் அவள் கண் என்னாவது?

மைத்துனன் அன்று மாலையே அவ்வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டான். பிறகு என்னிடம், “அத்தான், மட்கார்டு விளிம்பில் ஃபிளேர் பூட்டிவிடுகிறேன்” என்றான். டயரின் நீட்டத்தை மூடும் பிளாஸ்டிக் இறக்கைக்குப் பட்டறையில் அதுவே பெயர். “முதலில் சட்டத்தைப் பார்” என்றேன் நான். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே, டயரையும் ஃபிளேரையும் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே பட்டறைக்குச் சென்றோம்.

மிஸ்திரி முதியவர், நிதானமானவர். ஃபிளேரை ஒட்டுநாடாவால் மட்கார்டின் மேல் நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கேனும் உரசுகிறதா என்று பார்த்தார். தகட்டின் பின்னால் மின்கம்பி இல்லை எனத் தெரிந்துகொண்டே துளையிட்டார். பிசிரை அரத்தால் தேய்த்தார். வெறும் இரும்பு தெரிந்த இடமெல்லாம் துருத்தடுப்பு வர்ணம் பூசி, “மழைத்தண்ணீர் வண்டியைத் தின்னத் தொடங்குவது இங்கேதான், பாபுஜி” என்றார். இடையில் ரப்பர் பட்டை வைத்து, போல்ட்டுகள் அனைத்தையும் முதலில் கையால் திருகிப் பின்னர் சிறிது சிறிதாக இறுக்கினார். ஒன்றை மட்டும் அழுத்தி முடுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடுமாம். நான்கு சக்கரங்களும் முடியப் பொழுது சாய்ந்தது. 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் வந்து இறுக்கிக்கொள்ளச் சொன்னார்; அவ்வாறே செய்தோம்.

நம் பிள்ளைகளிற் பலர் இன்று ஜிப்ஸி, தார் முதலிய வண்டிகளை ஆசையோடு வாங்குகின்றனர். கடைக்காரர் ஃபிளேரை அலங்காரம் என்று விற்பார். அதன் உண்மையான பயனோ வண்டியில் அமர்ந்திருப்பவனுக்கன்று. அருகே நடப்பவனுக்கும் பின்னே சைக்கிளில் வருபவனுக்குமே. பிழைக்க வந்த ஊரில் நாம் வாரியிறைக்கும் சேறு ஒருவர் சட்டையோடு நில்லாது. நம் அனைவரின் பெயரிலும் படியும். சக்கரத்தை அகலமாக்க விரும்புவோர், அதற்கேற்ற குடையையும் முன்னதாகவே தேடிக்கொள்வார்களாக.