கல்லாற்றுக் கரையில் மூச்சின் கணக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கு நோக்கிச் செல்வோருக்கு, கல்லடிப் பாலத்தைக் கடந்தது முதல் இரண்டு நீர்நிலைகள் வழித்துணையாக வருகின்றன. வலப்புறம் வாவி, இடப்புறம் வங்கக் கடல். களுவாஞ்சிகுடியையும் ஓந்தாச்சிமடத்தையும் கோட்டைக்கல்லாற்றையும் தாண்டிப் பெரியகல்லாற்றை அடைந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு நிலத்துண்டில் தென்னையும் கோயிலும் பள்ளிக்கூடமுமாக ஊர் அமைந்திருப்பதைக் காண்கிறோம். மேற்கே ஆழங்குறைந்த வாவியில் வீச்சுவலை. கிழக்கே அலைகடலில் தோணி. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரம் முழுவதையும் வருத்திற்று. ஆயினும் நீரோடு கொண்ட உறவை இவ்வூரார் விட்டுவிடவில்லை.

கடற்கரையில் நாம் அளவளாவிய முதியவர் ஒருவர், இளமையில் கல்லில் சிக்கிய வலையை விடுவிக்க மூச்சடக்கி மூழ்கியவர். அதன் இரகசியம் யாது என்று கேட்டோம். "ஒரு இரகசியமும் இல்லத் தம்பி. நெஞ்சு முட்டினா மேல வந்திடணும். கடலோட ரோசம் பாராட்டப்படாது" என்றார். அனுபவம் கற்பித்த இச்சொல்லுக்குள் உடலியலின் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது.

நெஞ்சை முட்டச் செய்வது பிராணவாயுக் குறைவு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இரத்தத்தில் கரியமிலவாயு மிகும்போதுதான் மூளை "மூச்சுவிடு" என்று முதன்மையாகக் கட்டளையிடுகிறது. பிராணவாயு குறைவதை உடல் அத்துணை உரக்க அறிவிப்பதில்லை. ஆகவேதான், மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுவது ஆபத்தான வழக்கமாகும். அதனால் கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது, எச்சரிக்கை தாமதமாகிறது, அதற்குள் பிராணவாயு தீர்ந்து, நீந்துபவர் நினைவிழந்து விடுகிறார். வாவியில் யார் நெடுநேரம் மூழ்குவது என்று பந்தயமிடும் சிறுவர்க்குப் பெற்றோர் இதனைச் சொல்லி வைத்தல் நன்று.

இனி, இக்கிழக்குக் கரையின் வேறொரு வரலாற்றுக்கு வருவோம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானிய விமானங்களால் தாக்குண்டு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அஃது இன்றும் கிடக்கிறது. 1944 அக்டோபரில், திருகோணமலையிலிருந்து 'டிரெஞ்சன்ட்' என்ற நீர்மூழ்கி இரண்டு 'சாரியட்' வாகனங்களைச் சுமந்து புக்கெட் துறைமுகத்தை நோக்கிச் சென்றது. ஒவ்வொரு வாகனத்திலும் இருவர் அமர்ந்து, நீருக்கடியில் சென்று பகைவர் வசமிருந்த கப்பல்களுக்கு வெடி பொருத்தினர். நீர்க்குமிழி எழுந்தால் காவலர் கண்டுகொள்வர் அல்லவா? ஆதலால் அவர்கள் அணிந்திருந்தது, விட்ட மூச்சையே மீண்டும் சுவாசிக்கச் செய்யும் மீள்சுவாசக் கருவி. இன்று அதன் வளர்ந்த வடிவத்தை 'ரீபிரீதர்' என்பர். ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தையொத்த ஆழங்களுக்கு இறங்கும் பயிற்சி பெற்ற சுழியோடிகள் பலர் இதையே நாடுகின்றனர்.

காரணம் எளிது. நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடு பிராணவாயு. வெளிவிடும் மூச்சிலோ இன்னும் 16 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. சாதாரணக் கருவியில் அவ்வளவும் குமிழியாகப் போய்விடும். 50 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஆறு மடங்காவதால், உருளையிலிருந்து செலவாகும் காற்றும் ஆறு மடங்கு. மீள்சுவாசக் கருவியிலோ, விட்ட மூச்சு ஒரு பைக்குள் சென்று, சோடாச் சுண்ணாம்பு நிரம்பிய கலத்தின் வழியே திரும்புகிறது. சுண்ணாம்பு கரியமிலவாயுவைப் பற்றிக்கொள்கிறது. உடல் செலவிட்ட அளவு பிராணவாயு மட்டும் புதிதாகச் சேர்க்கப்படுகிறது.

சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் முதியவர் சொன்ன அந்த எச்சரிக்கை என்ன ஆயிற்று? கரியமிலவாயுவைச் சுண்ணாம்பு விழுங்கிவிடுவதால், பிராணவாயு குறைந்தாலும் நெஞ்சு முட்டாது. சுழியோடி சுகமாகவே மூச்சுவிட்டுக்கொண்டு நினைவிழப்பார். மாறாக, சுண்ணாம்பு தன் ஆற்றலை இழந்துவிட்டால் கரியமிலவாயு பெருகித் தலைவலியும் மூச்சிரைப்பும் மனக்குழப்பமும் உண்டாகும். தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய அறிவே அப்போது மங்கிவிடும். மூன்றாவது அபாயம் பிராணவாயு மிகுவது. தூய பிராணவாயுவை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் முன்னறிவிப்பின்றி வலிப்பு வரக்கூடும். போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கென்னத் டொனால்ட் என்ற மருத்துவர் நடத்திய சோதனைகளில், இதைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மட்டுமன்றி, ஒரே ஆளிடமும் நாளுக்கு நாள் மாறுவதாகத் தெரியவந்தது. நேற்று தாங்கியவர் இன்றும் தாங்குவார் என்பதற்கு உறுதியில்லை.

1939இல் 'தெட்டிஸ்' நீர்மூழ்கி அமிழ்ந்து 99 பேர் மாண்டபோது, அவர்கள் சுவாசித்த நச்சுக்காற்று எத்தகையது என்று அறிய, மூடிய இரும்பறைக்குள் தாமே அடைபட்டுச் சோதித்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இவரே பின்னர் 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். இன்றைய சுழியோடிகள் நம்பும் கணக்குகள் பல, இத்தகையோர் தம் உடலையே பணயம் வைத்துக் கண்டவை.

வாயு என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது வயிற்று வாயுவன்றோ! நகைப்புக்கு இடமானதாயினும் நீருக்கடியில் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கடலையும் பயறும் கோவாவும் உண்டு மூழ்குபவரின் குடலில் முன்பே இருக்கும் வாயு, இறங்கும்போது சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே விரிகிறது, அதனால் தீங்கில்லை. ஆழத்தில் இருக்கும்போது புதிதாக உண்டாவதும், வாய்வழியே விழுங்கப்படுவதுமே தொல்லை தருவன. 50 மீட்டரில் ஒரு கிண்ண அளவுள்ள வாயு மேற்பரப்பில் ஆறு கிண்ணமாகும். மெதுவாக ஏறினால் அது தானே வெளியேறும். வெட்கப்பட்டு அடக்குவோர் வயிற்றுவலியால் வருந்துவர்.

அவ்வாயு கருவிக்குள் புகுந்து மூச்சைக் கெடுக்குமோ என்று சிலர் ஐயுறலாம். புகாது, அது உடையோடு நின்று, வழி கிடைத்த இடத்தில் போய்விடும். குடலில் தோன்றும் ஐதரசனில் ஒரு சிறு பங்கு மட்டும் இரத்தத்தில் கலந்து மூச்சோடு வருகிறது. சுண்ணாம்பு அதைப் பற்றாது எனினும் அளவு மிகச் சொற்பம். ஆகவே அஞ்ச வேண்டியது வயிற்றையன்று, நெஞ்சை. உருளைக் காற்றானாலும் மீள்சுவாசக் கருவியானாலும், ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஓரிரு மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியக்கூடும்.

கருவி எதுவாயினும், முறையாகப் பயின்ற பின்னரே அதனை அணிதல் வேண்டும். சுண்ணாம்பைக் காலந்தவறாது மாற்றுதல், அளவுமானியை அடிக்கடி நோக்குதல், சிறிதே ஐயம் தோன்றினும் உடன் கொண்டுசென்ற மாற்றுக்காற்றுக்கு மாறுதல், துணையின்றி மூழ்காதிருத்தல், நிதானமாக ஏறுதல்: இவையே உயிர்காக்கும் விதிகள். அட்டைக்கும் சங்குக்கும் உருளை கட்டி இறங்கும் நம் வடகிழக்குத் தொழிலாளர் பலர், விரைந்து ஏறியதனாலும், ஒரே நாளில் பலமுறை இறங்கியதனாலும் கைகால் முடங்கியிருக்கின்றனர். குடும்பத்தைக் காக்க இறங்குபவர் குடும்பத்திற்கே பாரமாகிவிடும் துயரம் அது.

மூச்சடக்கி மூழ்குபவருக்கு நெஞ்சே காவலன். கருவியணிந்து மூழ்குபவரிடம் அக்காவலன் உறங்கிவிடுகிறான்; அவனுடைய இடத்தில் ஒரு முள்ளையும் சில எண்களையும் வைத்திருக்கிறார்கள். அவற்றை மதித்துக் காலத்தோடு மேலேறுபவருக்கே கரையில் காத்திருக்கும் சோறும் சுற்றமும் நிச்சயம்.