காரணம் பிறகு வரும்

என் பெரியப்பா நெய்வேலி என்.எல்.சி. சுரங்கத்தில் வேலை பார்த்தவர். திமுக தொழிற்சங்கமான தொமுச-காரர், பழுத்த நாத்திகர். 1999-ல் திமுக பாஜகவோடு கூட்டணி வைத்தபோதும் கட்சியை விடவில்லை. ஏன் என்று கேட்டால் 2006-ஐ எடுத்துப் போடுவார். என்.எல்.சி.யின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கலைஞர் முறுக்கிக்கொண்டார், மன்மோகன் சிங் விற்பனையை நிறுத்திவைத்தார். (அந்த மத்திய அரசில் திமுகவும் இருந்தது, அதைப் பெரியப்பா சொல்ல மாட்டார்.) 1999 விசுவாசத்துக்கு 2006-ல் கிடைத்த காரணம்!

எதிர்வீட்டு அதிமுககாரர் கையில் 2013 இருக்கிறது. அப்போது ஜெயலலிதா அரசின் நிறுவனங்கள் என்.எல்.சி.யின் 3.56 சதவீதப் பங்கை வாங்கின.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதானே என்று கேட்டால் மட்டும் இருவருக்கும் ஒரே பதில்: "தலைவர் காதுக்குப் போயிருக்காதுப்பா."