விளையாட்டுத்தானே என்றோம்

ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு ஒருவரைக் காயப்படுத்திவிடுவது, மறையுரை ஆற்றிப் பழகியவர்களுக்கு எளிதில் நேரும் பிழை. அப்பிழையை நாம் அண்மையில் செய்தோம். ஆரம்பாக்கத்தை அடுத்து, பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தில் அது நிகழ்ந்தது.

வீட்டுத் திருப்பலி முடிந்து புறப்படும் வேளையில் ஒரு தாய் நம்மை நிறுத்தினார். "சாமி, இவனக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க. நாலு நாளா சரியாச் சாப்பிடல. செல்போன்ல ஏதோ ஆட்டமாம், அத மூடப் போறாங்களாம். அதுக்குப் போயி அழுவுறான்" என்றார். அருகில் பதினாறு வயதுச் சிறுவன் தலை குனிந்து நின்றான். விடுமுறை நாள்களில் விடியற்காலையில் கரைக்கு வந்து, வலையிலிருந்து நண்டு கழற்றிக் கொடுத்துக் கூலி பெறும் பிள்ளை அவன். அந்தக் கூலியில் சிறிது சிறிதாக, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,200 ரூபாயை அந்த விளையாட்டில் செலவழித்திருந்தான். ஆடும் வீரனுக்கு உடைகள், வாகனத்துக்கு வண்ணங்கள், சில ஆயுதங்கள். இன்ன நாளோடு சேவையை நிறுத்துகிறோம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

நாம் அவன் தோளில் கை வைத்து, "விளையாட்டுத்தானே, தம்பி! போனால் போகட்டும். பூச்சி அரிக்காத செல்வத்தைத் தேடு" என்றோம். நற்செய்தியின் சொல்லைத் தக்க நேரத்தில் எடுத்துரைத்ததாகவே நமக்கு ஒரு நிறைவு. சிறுவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆட்டந்தான், ஃபாதர். ஆனா காசு நெசமாத்தான குடுத்தேன்?"

அதற்கு நம்மிடம் விடை இல்லை. இரு சக்கர வண்டியில் திரும்பும்போது, ஏரிக்காற்றோடு அந்தக் கேள்வியும் உடன் வந்தது.

தெரியாத பொருளைப் பற்றி அறிவுரை கூறிவிட்டோம் என்ற உறுத்தலால், அதைத் தெரிந்துகொள்ள முற்பட்டோம். பங்கு இளைஞர்கள் பொறுமையாக விளக்கினார்கள். இணைய விளையாட்டின் ஒரு பாதிதான் கைப்பேசியில் இருக்கிறதாம். மறுபாதி நிறுவனத்தின் கணினியில், அவர்கள் சர்வர் என்று அழைப்பதில் இருக்கிறது. யார் எதை வாங்கினார், எந்த நிலையை எட்டினார் என்ற பதிவேடும் அங்கேதான். அதை நிறுத்திவிட்டால் கைப்பேசியில் இருக்கும் பாதி, சாவியில்லாத பூட்டாகிவிடுகிறது. பல விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டணம் பின்னர் வருகிறது. ரூபாயை முதலில் வைரம் என்றோ நாணயம் என்றோ அவர்கள் பெயரிட்ட காசாக மாற்ற வேண்டும். அவ்வாறு மாறியதும் நண்டு கழற்றிய கூலியின் கனம் கைக்குத் தெரிவதில்லை.

இவ்வணிகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெதஸ்தா நிறுவனம், தன் 'ஆப்ளிவியன்' விளையாட்டில் வரும் குதிரைக்கு ஒரு கவசத்தைத் தனியே இரண்டரை டாலருக்கு விற்றது. அன்று பலர் நகைத்தார்கள். இன்று அத்தகைய விற்பனையே இத்தொழிலின் பெருவருவாய்களுள் ஒன்றாகிவிட்டது. நம் நாட்டிலும் பிள்ளைகள் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். 2020 செப்டம்பரில் நடுவண் அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது 'பப்ஜி மொபைல்' அதில் அடங்கியது. அக்டோபர் 30ஆம் நாளோடு அதன் சேவை இங்கே நின்றது. 2021இல் வேறு பெயரில் அது திரும்பியபோது, பழைய கணக்கின் உடைமைகளை மாற்றிக்கொள்ளக் குறிப்பிட்ட காலம்வரை வழி இருந்தது. அரசின் ஆணையால் நிற்பது வேறு; விற்றவரே நிறுத்துவது வேறு. 2014இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டை, பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. தனியாக ஆடுவதற்குங்கூட சர்வர் தேவைப்பட்டதால், விலை கொடுத்து வாங்கியவர்களின் கையில் எதுவும் எஞ்சவில்லை. அதன் பிறகே ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் இதற்கு எதிராக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கப்பட்ட குடிமக்கள் கோரிக்கையில் 2025 ஜூலைக்குள் கையொப்பங்கள் 10 இலட்சத்தைத் தாண்டின.

நிறுவனங்கள் கூறும் மறுமொழி இதுதான்: நாங்கள் விற்றது பொருளை அன்று, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. விதிமுறைகளில் அவ்வாறே எழுதியிருக்கிறோம், நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். அது உண்மையே. ஆனால் அவ்விதிமுறைகள் பல பக்கங்களுக்கு நீள்பவை. 'வாங்கு' என்ற பொத்தானோ ஒரே சொல். குப்பத்துப் பிள்ளை எதைப் படித்திருப்பான்?

இந்த இடத்தில், குருமடத்தில் பயின்ற ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விற்பனையில் நேரும் ஏமாற்றைப் பற்றித் தனியே ஒரு வினா எழுப்பி ஆராய்கிறார். பொருளில் மறைந்திருக்கும் குறையால் வாங்குபவருக்கு இழப்போ இடரோ நேருமாயின், அதை எடுத்துச் சொல்வது விற்பவரின் கடமை என்பது அவர் முடிபு. அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென விற்பது. குறை வெளிப்படையாகத் தெரிந்து, அதற்கேற்ப விலையும் குறைந்திருந்தால் குற்றமில்லை. அடுத்த வினாவில், வட்டியை ஆராயும்போது, மற்றொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். திராட்சை இரசத்தின் பயன், அதைக் குடித்துத் தீர்ப்பதே. ஆகவே இரசத்தையும் அதன் பயனையும் தனித்தனியே விற்க இயலாது. வீடு அப்படியன்று, வீட்டைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டே குடியிருக்கும் உரிமையை மட்டும் வாடகைக்கு விடலாம், அதில் அநீதி இல்லை.

ஆகவே, உரிமம் மட்டுமே தருவது தன்னளவில் பாவமன்று. வாடகைக்கு விடுவதை வாடகை என்று சொல்லாமல், விற்பனை என்ற தோற்றத்தில் தருவதே மறைந்திருக்கும் குறை. இணைச்சட்ட நூல் கடிந்துரைக்கும் இருவகை எடைக்கற்களைப் போன்றது அது: வாங்குபவர் காண ஒரு சொல், வழக்கு மன்றத்துக்கு வேறொரு சொல். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள சட்டம் இதையே தொடுகிறது. தருவது உரிமம்தான் என்று தெளிவாகத் தெரிவிக்காமல், மின்னணுப் பொருளுக்கு 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது அது. 2025இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடை செய்வதிலேயே கருத்தாக இருக்கிறது.

அடுத்த வாரம் மீண்டும் அக்குப்பத்துக்குச் சென்றோம். சிறுவனின் பாட்டனார் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பேரனின் கதையைக் கேட்டுவிட்டு அவர் உரைத்தது, நாம் படித்த எதையும்விட வெளிச்சம் தந்தது.

"ஏரி எங்களுக்குச் சொந்தமா, சாமி? இல்லியே. ஆனா பாடு இருக்குது."

பழவேற்காட்டு ஏரியை அறிந்தோர் இச்சொல்லை அறிவர். முகத்துவாரத்தை ஒட்டிய வளமான நீர்ப்பரப்பில், எந்நாள் எந்தக் குப்பத்தின் முறை, எந்த இடத்தில் எவருடைய வலை என்பதை முறைவைத்தும் சீட்டுப் போட்டும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடே பாடு. ஆண்டவருடைய துன்பங்களையும் பாடுகள் என்றே வழங்கிப் பழகிய நமக்கு அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மனம் ஒரு கணம் நின்றுவிடும். தண்ணீர் எவருக்கும் சொந்தமன்று. இன்று கிடைத்த இடம் நாளை வேறொருவருக்குப் போகும். ஆயினும் எவரும் ஏமாந்ததாகக் கருதுவதில்லை. ஏனெனில் முறை எப்போது தொடங்கும், எப்போது முடியும், மீண்டும் எப்போது வரும் என்பது வலை வீசுவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும்.

பாட்டிலும் குறை உண்டு என்பதை மறைத்தலாகாது. அதில் இடம்பெறாதோர் ஏரியோரத்தில் இருக்கிறார்கள். சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அங்கே காணலாம். அவர்களையும் உட்படுத்தாத வரை அம்முறை நிறைவானதன்று. எனினும் சொந்தமில்லாததை நேர்மையாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு, எழுதப் படிக்க அறியாத முன்னோர் விட்டுச்சென்ற சான்று அது. பெரியவர் கேட்டார்: "மூடப் போறவன், அத முன்னாடியே சொல்லிட்டுல்ல காசு வாங்கணும்?"

அப்போதுதான் சிறுவன் வாய் திறந்தான். மூடல் அறிவிப்பு வருவதற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்புகூட 400 ரூபாய்க்குப் பொருள் வாங்கியிருக்கிறான். திருவிழாத் தள்ளுபடி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அத்தனை பெரிய முடிவு பன்னிரண்டு நாளில் எடுக்கப்பட்டதென நம்புவது கடினம். இன்னொன்றையும் சொன்னான். இராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்களாம். அவர்களும் மீனவர் பிள்ளைகளே. முகம் பார்த்ததில்லை, அந்த ஆட்டத்துக்குள்தான் பழக்கம். நாம் 'பூச்சி அரிக்கும் செல்வம்' என்று ஒதுக்கியதற்குள் அந்த நட்பும் இருந்திருக்கிறது.

ஆண்டவருடைய போதனை பொய்யாகாது. மண்ணுலகச் செல்வத்தில் இதயத்தைப் பதிக்கலாகாது என்பதை நாம் இன்றும் போதிக்கிறோம். பிள்ளைகள் இரவெல்லாம் திரையில் கரைவதையும், பெற்றோர் அறியாமல் செலவிடுவதையும் கண்டிக்கவே செய்வோம். ஆனால் பற்றறுத்தலை இழந்தவனுக்கு மட்டும் போதித்து, எடுத்தவனிடம் நீதியைக் கேளாமல் விட்டால், நற்செய்தியை வணிகனின் கேடயமாக்கிவிடுகிறோம். படகை இழந்த மீனவனிடம் விண்ணகச் செல்வத்தைப் பற்றிப் பேசத் துணியாத நாம், சிறுவனிடம் துணிந்தோம். அவன் இழப்பு சிறிதென எடை போட்டோம். 3,200 ரூபாய் எத்தனை விடியற்காலை என்று எண்ணிப் பார்க்கவில்லை.

எந்த விளையாட்டும் என்றென்றும் நடக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. சர்வருக்குச் செலவு உண்டு. அங்கே உழைப்போருக்கும் குடும்பம் உண்டு. எதுவரை நடக்கும் என்பதை விற்கும்போதே சொல்லலாம். மூடும் எண்ணம் தோன்றியதும் விற்பனையை நிறுத்தலாம். இயலுமாயின் சர்வர் இல்லாமலும் ஆடும்படி ஒரு வழி அமைத்துத் தரலாம். இவை கருணையன்று, நீதி.

"தம்பி, அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றோம். அவன் கூச்சத்தோடு சிரித்தான். காசு திரும்புமா என்று கேட்டான்; உறுதி கூற நம்மால் இயலவில்லை. எனினும் கடைசி 400 ரூபாயையேனும் திருப்பித் தருமாறு நிறுவனத்துக்கு ஒரு மடல் எழுத அமர்ந்தோம். ஆங்கிலம் நம்முடையது, எந்நாளில் எதை வாங்கினான் என்ற கணக்கு அவனுடையது. அவன் தாய் வாசலில் நின்று, "கண்டிக்கச் சொன்னா, சாமியே கூட உக்காந்து எழுதுறாரே!" என்று நகைத்தார்.

இதை எழுதும் வரை மறுமொழி வரவில்லை. சேவை நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து நண்பனின் எண்ணை மட்டும் கடைசி இரவில் வாங்கிக்கொண்டானாம்.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு நாள் வாடி நின்றால், கண்டிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: என்ன கொடுத்தாய், என்ன தருவதாகச் சொன்னார்கள்? நாம் கேட்கத் தவறியது அதைத்தான்.