மார்கரெட் கார்னர்: வழக்கேட்டிலும் நாவலிலும்

கறுப்பின இலக்கியத்தையும் தலித் இலக்கியத்தையும் அருகருகே வைத்து நோக்கும் போக்கு தமிழ் ஒப்பியலில் நன்கு வேரூன்றிவிட்டது. 1972-இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றது என்பதால், இவ்வொப்பீட்டிற்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. ஆயினும் இத்தகைய கட்டுரைகள் பலவற்றில் ஒரு விரைவு காணப்படுகிறது. அங்கும் துன்பம், இங்கும் துன்பம். அங்கும் எதிர்ப்பு, இங்கும் எதிர்ப்பு என்று பட்டியலிட்டு அவை அமைந்துவிடுகின்றன. அத்துன்பம் எந்தச் சட்டத்தின்வழி, எந்த ஏட்டின்வழி நிகழ்த்தப்பட்டது என்னும் வினா எழுவதில்லை. டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலை அதன் பின்னுள்ள வழக்கோடு சேர்த்து வாசிப்போர் அவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

1856 ஜனவரி இறுதியில், கடுங்குளிரில் உறைந்துகிடந்த ஒஹாயோ ஆற்றை ஓரிரவில் பதினேழு பேர் நடந்தே கடந்தனர். தென்கரையில் இருந்த கென்டக்கி அடிமைமுறை நிலவிய மாநிலம். வடகரையில் இருந்த ஒஹாயோவில் அம்முறை இல்லை. கரையேறியபின் அவர்கள் இரு குழுவாகப் பிரிந்தனர். ஒன்பது பேர் கனடாவரை சென்று தப்பினர். எஞ்சிய எண்மர் கார்னர் குடும்பத்தினர்: மார்கரெட், அவர் கணவர் ராபர்ட், ராபர்ட்டின் பெற்றோர், நான்கு குழந்தைகள். சின்சினாட்டி நகரில் உறவினர் வீட்டில் ஒளிந்திருந்த அவர்களை, உடையவரான ஆர்ச்சிபால்ட் கெய்ன்ஸும் கூட்டாட்சி அரசின் காவலர்களும் சில மணி நேரத்திலேயே சூழ்ந்துகொண்டனர். அந்த முற்றுகையின்போது மார்கரெட் இறைச்சி வெட்டும் கத்தியால் தம் இரண்டு வயது மகள் மேரியின் கழுத்தை அறுத்தார். மற்றக் குழந்தைகளையும் கொல்ல முயன்று தடுக்கப்பட்டார்.

இதனையடுத்து எழுந்த வழக்கு எந்தப் புனைவினும் விந்தையானது. ஒஹாயோ மாநிலம் மார்கரெட் மீது கொலைக்குற்றம் சாட்டியது. தப்பியோடிய அடிமைகள் குறித்த 1850-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டமோ அவரை உடையவரிடம் ஒப்படைக்கச் சொன்னது. கொலைக்கு விசாரித்தால் மார்கரெட் ஒரு மனிதர். கொல்லப்பட்டதும் ஒரு மனித உயிர். ஒப்படைத்தால் அவர் ஓர் உடைமை. மேரியின் சாவு உடையவருக்கு நேர்ந்த பொருளிழப்பு. ஆகவே அடிமை ஒழிப்பாளர்களே அவர்மீது கொலைவழக்கு நடக்கவேண்டுமென்று போராடினர். தூக்குமேடைவரை இட்டுச்செல்லக்கூடிய குற்றச்சாட்டுத்தான் அவரை மனிதராக ஏற்ற ஒரே ஏடு. மேற்சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அடிமையை ஒப்படைக்கத் தீர்ப்பளிக்கும் ஆணையருக்கு 10 டாலரும் விடுவிப்பவருக்கு 5 டாலரும் கட்டணமாக வரையறுக்கப்பட்டிருந்தன. ஒப்படைப்பதில் எழுத்துவேலை மிகுதி என்பது அதற்குக் கூறப்பட்ட சமாதானம்! சட்டவரலாற்றில் இதனினும் நேர்மையான வாக்குமூலம் அரிது.

ஆணையர் ஜான் பென்டரி, உடையவர் பக்கமே தீர்ப்பளித்தார். மார்கரெட் கென்டக்கிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து நீராவிப் படகில் தெற்கே அனுப்பப்பட்டார். வழியில் நேர்ந்த படகு விபத்தில் அவருடைய கைக்குழந்தையும் ஆற்றில் மூழ்கி இறந்தது. கொலைவழக்கு விசாரணைக்கு வரவேயில்லை.

தாய் ஏன் கொன்றாள் என்ற வினாவிற்கு விடைகாண முற்பட்ட அக்கால ஓவியர் தாமஸ் சாட்டர்வைட் நோபிள், தம் 1867-ஆம் ஆண்டு ஓவியத்தில் மார்கரெட்டைக் கிரேக்கக் காப்பிய மாந்தர் மீடியாவாக்கினார். அவ்வுவமை பொருந்தாது. மீடியா தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிதீர்க்கப் பிள்ளைகளைக் கொன்றவள். மார்கரெட்டின் செயலுக்குரிய விளக்கத்தைக் காப்பியத்தைவிட 1662-ஆம் ஆண்டு வர்ஜீனியாச் சட்டமே தருகிறது. பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்பது அச்சட்டத்தின் சாரம். தந்தை யாராயினும், வெள்ளை உடையவரே ஆயினும், அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறப்பது அடிமையே. இவ்விதி மற்ற அடிமை மாநிலங்களிலும் நிலைபெற்றது. மார்கரெட்டின் குழந்தைகள் சிலரின் வெளிர்நிறத்தை லூசி ஸ்டோன் என்னும் பெண்ணுரிமையாளர் நீதிமன்றத்திலேயே சுட்டிக்காட்டினார். தாய்வழி உரிமை என்பதைப் பெருமைக்குரிய தொல்மரபாகப் பயின்ற தமிழ் ஆய்வாளர், அதே தாய்வழி ஒரு சமூகத்தில் விலங்காக வார்க்கப்பட்டதை இங்கே காண்கிறார்.

மாரிசன் இச்செய்தியை அறிந்தது ஆய்வுநூல்வழி அன்று. ராண்டம் ஹவுஸ் நிறுவனத்தில் பதிப்பாசிரியராக இருந்த அவர், 1974-இல் வெளிவந்த ‘தி பிளாக் புக்’ தொகுப்பின் பணியின்போது 1856-ஆம் ஆண்டு இதழ்நறுக்கு ஒன்றைக் கண்டார். சிறையில் மார்கரெட்டைச் சந்தித்த சமயபோதகர் ஒருவரின் குறிப்பு அது. அவர் வெறிபிடித்தவராக இல்லை, அமைதியாகவே பேசினார் என்று அக்குறிப்புச் சொல்கிறது. அவ்வமைதியே நாவலின் வித்து. அதற்குமேல் மார்கரெட்டின் வாழ்க்கையைத் துருவி ஆராய்வதை மாரிசன் வேண்டுமென்றே தவிர்த்தார். ஆய்வாளர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் அந்த வழக்கேட்டில் இருந்தவை உடையவரின் உரிமையும் வழக்குரைஞரின் வாதமும் போதகரின் வியப்புமே. தேடுந்தோறும் அவர்களுடைய குரலே மிகும்.

நாவலில் வரும் செத்தே என்னும் தாய் திருப்பியனுப்பப்படவில்லை. சிறையிலிருந்து மீண்டு சின்சினாட்டியில் வாழ்கிறாள். இறந்த மகள் ஆவியாகவும் பின் உருவெடுத்தும் அவ்வீட்டிற்கு வருகிறாள். இம்மாற்றத்தைவிட ஆழமானது ஏடு பற்றிய மாரிசனின் ஐயம். தோட்ட உடைமையை மேற்பார்க்க வரும் பள்ளியாசிரியன், அடிமைகளின் மனிதப் பண்புகளை ஒரு பக்கத்திலும் விலங்குப் பண்புகளை மறுபக்கத்திலும் குறிக்கும்படி தன் மாணாக்கர்க்குக் கற்பிக்கிறான். அவன் எழுதும் மையைக் காய்ச்சித் தருபவள் செத்தே. பின்னொரு காட்சியில் செத்தேயைப் பற்றிய செய்தித்தாள் நறுக்கு பால் டி என்பவனிடம் காட்டப்படுகிறது. அவனுக்கு எழுத்தறிவில்லை. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, அது அவளுடைய வாயே அன்று என்று திரும்பத் திரும்ப மறுக்கிறான். மாரிசன் கண்டெடுத்த நறுக்கு நாவலுக்குள் இவ்வாறு மறுதலிக்கப்படுகிறது. எழுத்தைக் கல்லாதவன் எழுத்தை நம்ப மறுக்கும் இவ்விடத்தைக் கல்விப்பெருமை பேசும் மரபில் வந்தோர் நின்று வாசித்தல் வேண்டும்.

இந்நாவலைத் தமிழ் வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது ‘ஸ்லேவ்’ என்னும் சொல் அடிமை என்று பெயர்க்கப்படுகிறது. பெயர்த்த கணத்திலேயே பொருள் நெகிழ்கிறது. அடிமை, ஆளாதல், ஆட்கொள்ளுதல் ஆகியன பக்தி மரபில் பேறுகள். சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தில் முதிய வேதியராக வரும் இறைவன் மணப்பந்தலில் ஆளோலை காட்டி, நம்பியாரூரர் வழிவழி அடிமை என்று வழக்காடுகிறார். ஆரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலை வெளிப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து ஒப்புநோக்கப்படுகிறது. வழக்கு முதியவர்க்கே வெற்றியாகிறது. வாசிப்போர் மகிழ்கின்றனர், உடையவர் இறைவனாதலால். ஆனால் அவ்வழக்கின் நடைமுறை முழுவதும் மண்ணுலக நடைமுறை. மனிதரை விலைபேசிய ஓலைகள் தமிழகத்தில் உண்மையாகவே எழுதப்பட்டன. தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோர் பற்றிச் சோழர்காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. கம்பெனியாட்சியில் 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் வந்த பின்னரே அடிமையுடைமையை நீதிமன்றத்தின்வழி நிலைநாட்டும் வாயில் இங்கு அடைபட்டது. அடிமை என்ற சொல்லின் இனிமையிலேயே பயின்ற செவி, இவ்வோலைகளைப் பெரும்பாலும் கேளாமலே கடந்துவிடுகிறது. கறுப்பின வரலாற்றை வாசிக்கும் தமிழர், துன்பங்களை ஒப்பிடுமுன் தம் சொல்லை ஐயுறவேண்டிய இடம் இது. (நாவலின் நிகழ்காலமாகிய 1873-ஆம் ஆண்டில்தான், அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குப் படையலாக்கித் தம் ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டார் ஜோதிராவ் புலே. அவர் காதில் அச்சொல் இனிக்கவில்லை.)

நாவலைப் படித்து வழக்கை அறியாதோர்க்கு மற்றோர் இடர் உண்டு. செத்தே இறுதியில் தன் சமூகப் பெண்களால் காக்கப்படுகிறாள். புத்தகத்தை மூடும் வாசகர்க்குச் சிறிது ஆறுதல் கிட்டுகிறது. மார்கரெட்டுக்கு அத்தகைய அண்டைவீட்டார் இல்லை. ஸ்டீவன் வைசன்பர்கர் 1998-இல் வெளியிட்ட வரலாற்று நூல் அவர் சென்ற வழியை மிசிசிப்பிவரை தொடர்கிறது. 1858-இல் அங்கே நச்சுக்காய்ச்சலில் அவர் மாண்டார். அச்செய்தியை வெளியுலகுக்குச் சொன்னவர் ராபர்ட்; உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், 1870-இல், சின்சினாட்டிச் செய்தியாளர் ஒருவரிடம். அடிமையாக இருக்கும்வரை மறுமணம் செய்துகொள்ளவேண்டாம், விடுதலையை எதிர்நோக்கி வாழ்க என்பது இறக்குமுன் மார்கரெட் தம்மிடம் கூறியது என்றார் அவர். அதுவும் செய்தித்தாள்வழியே வந்த சொல்தான். மாரிசன் அதனைத் தம் நாவலில் எங்கும் எடுத்தாளவில்லை.