இரண்டு சென்டிமீட்டர் கேங்கு ஆட்கள்

ஈப்போ புந்தோங்கில், கச்சாங் பூத்தே வறுபடும் தெருவைத் தாண்டி ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி ஒருவரின் வீடு. பின்னறையில் ஒட்டுப்பலகை மேசை. அதன்மேல் தைப்பிங்–போர்ட் வெல்ட் கம்பிச்சடக்கு ஓடுகிறது. லாரூட் ஈயத்தைத் துறைமுகத்தில் சேர்க்க 1885 ஜூன் 1-இல் திறந்த, மலாயாவின் முதல் ரயில்பாதை. நீளம் 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

"87-இல் ஒரு பங்குன்னு வச்சாலும் நூத்தம்பது மீட்டர் வேணும் தம்பி. பக்கத்து வீட்டுக்காரன் சும்மா விடுவானா?"

ஆகவே நீளத்தைச் சுருக்கிவிட்டார். அகலத்தில்தான் பிடிவாதம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை, 1,435 மி.மீ. அகலமுள்ள பாதைக்கு உரியது. நம்முடையது மீட்டர் பாதை, கணக்குப்படி 11.5 வரவேண்டும். சுவிட்சர்லாந்து மலை ரயில் மாதிரிகளுக்கென விற்கும் 12 மி.மீ. பாதையை வரவழைத்திருக்கிறார். மிச்சமுள்ள அரை மில்லிமீட்டர் அவர் கண்ணை உறுத்துகிறதாம். என் கண்ணுக்கு அது எட்டவில்லை.

ஜல்லிக்குப் பழைய ஈயலம்பத்து மணல். சலித்து, சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே தூரிகையால் பரப்பி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி சேர்க்காவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்துமுத்தாக மேலேயே நிற்கும்.

நடுவில் நிரை பிடித்து நிற்கும் பால்மரங்கள், முறுக்கிய செம்புக் கம்பியில். அங்கே அப்படியொரு தோட்டம் இருந்ததா என்று கேட்டேன். "எங்கப்பா தோட்டம். சுங்கை சிப்புட் பக்கம். இங்க இடம் இருந்திச்சு, போட்டுட்டேன்."

ஹபக் வடிவமைத்து 1917-இல் முடிந்த ஈப்போ ஸ்டேஷனைக் காணோம். "அதத்தான் எல்லாரும் போட்டோ புடிக்கிறாங்களே!"

அவர் நேரத்தையெல்லாம் செலவிடுவது ஆட்களுக்கு. கடைப் பொம்மைகள் கோட்டும் தொப்பியுமாக வருகின்றன. தண்டவாளம் பராமரிக்கும் கேங்கு ஆட்கள் விற்பனைக்கு இல்லை. இந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வந்தார்கள். பிற்பாடு ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளுக்கு யாழ்ப்பாணத்தார், கேங்கில் தமிழ்நாட்டார். கம்பியை வளைத்து எலும்பாக்கி, எபாக்சி மாவை ஊசிமுனையால் அப்பி, பசையில் நனைத்த மெல்லிய தாளைத் தலைப்பாகையாகச் சுற்றுகிறார். ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர். கடப்பாரை பிடித்தவரின் முதுகு வளைவு சரியில்லை என்று ஒருவரைப் பிய்த்துப்போட்டார். கேங்கில் நின்றவர்களுக்கு அந்த வளைவு தெரியும் போலும்.

தோட்டங்களிலிருந்து தமிழர்களை வேலைக்குக் கொண்டுபோன 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதையைச் செய்வீர்களா என்றேன்.

"ஆளு செஞ்சு முடியாது தம்பி."

போர்ட் வெல்ட் பாதையைப் பெயர்த்துவிட்டார்கள். இன்று கோலா செப்பெத்தாங் எனப்படும் அந்த ஊரில் நான்கு எழுத்து வடிவங்களில் பெயர்ப்பலகை நிற்கிறது. அதை இப்போது பூதக்கண்ணாடிக்கு அடியில் எழுதிக்கொண்டிருக்கிறார். மற்ற மூன்றும் முடிந்தன. தமிழில் புள்ளிகள் ஜல்லிக்கல் பருமனுக்கு வந்துவிட்டன. இன்னும் மெல்லிய தூரிகை ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார்.